வடம் பிடிக்க வந்தவன்
மகாகவியின் ‘தேரும் திங்களும்’ கவிதையும் அது பிறந்த காலமும்

ஈழத்துத் தமிழ்க் கவிதையிலே சமயத்தை ஐயுற்று நோக்கிய படைப்புகள் பல உள. அவற்றுட் கடவுளை வையாமலும், பக்தனைப் பழிக்காமலும், முழக்கம் எதுவும் எழுப்பாமலும் வாசிப்போர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நிற்பது மகாகவியின் ‘தேரும் திங்களும்’ என்பது என் எண்ணம். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் சிறு கவிதை அது. ஆயினும் அதன் பின்னால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாற்பதாண்டு காலச் சமூக வரலாறு நிற்கிறது. அந்த வரலாற்றை அறியாமல் கவிதையை மாத்திரம் படிக்கும் எமது பிள்ளைகள் அதனை ஒரு கற்பனைக் கதை என்றே கருதிவிடக் கூடும். ஆதலால் அதனைச் சற்று விரிவாக எடுத்துரைத்தல் பொருந்தும்.

மகாகவி என்னும் புனைபெயரால் அறியப்பட்ட து. உருத்திரமூர்த்தி 1927 இல் அளவெட்டியிற் பிறந்தவர். அரசாங்க எழுதுவினைஞராக வாழ்வைத் தொடங்கி நிருவாக சேவை அதிகாரியாக உயர்ந்தவர். 1971 இல், நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். ‘வள்ளி’, ‘குறும்பா’, ‘கண்மணியாள் காதை’, ‘கோடை’ என அவர் தந்தவை பல. ஆங்கிலத்தில் ‘லிமரிக்’ எனப்படும் ஐந்தடி நகைப்பாட்டைக் ‘குறும்பா’ எனத் தமிழாக்கி 1966 இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. பேச்சோசையை மரபு யாப்புக்குள் அடக்குவதில் அவருக்கு இணையாக ஈழத்தில் ஒருவரைச் சுட்டுவது கடினம். மரபு என்றதும் தலைவலி மாத்திரையைத் தேடும் இளைஞர்களுக்கு நான் முதலிற் கொடுப்பது அவருடைய கவிதைகளைத்தான்.

கவிதை கூறும் செய்தி இதுதான். ஓர் ஊரிலே தேர்த்திருவிழா. ஊர் முழுவதும் திரண்டு தேரை இழுக்கிறது. நாமும் சென்று வடத்தைப் பிடிப்போம் என்ற ஆசையோடு ஓர் இளைஞன் வருகிறான். அவன் உழைப்பாளி, உரம் வாய்ந்த தோளும் ஒளி பொருந்திய கண்ணும் உடையவன். அண்மையிலே வானத்தில் ஏறி நிலவைத் தொட்டு மீண்ட மனிதனுக்கு அவன் தம்பி முறை என்று கவிஞர் உறவு சொல்கிறார். எல்லோரும் ஒன்றாய் நிற்க வேண்டும் என்ற விருப்பத்தோடு குனிந்து வணங்கி வடத்தைத் தொடப் போகிறான். அப்போது கூட்டத்திலிருந்து குரல்கள் எழுகின்றன. தடுக்கும் குரல், இழித்துரைக்கும் குரல், இறுதியிற் கொலைக்கு ஏவும் குரல் என அவை ஏறிக்கொண்டே போகின்றன. கல் விழுகிறது, கழுத்து அறுபடுகிறது, நிலம் சிவக்கிறது. தேர் நின்றுவிடுகிறது. உலகைப் பெற்ற அன்னையோ தேரின் மேல் வாயடைத்து அமர்ந்திருக்கிறாள். நிலவைத் தொட்டவனின் உறவினம் மண்ணிலே புரள்கிறது.

அவ்வளவே. இவ்விளைஞன் யார், எந்தச் சாதி, எந்த ஊர் என்று கவிஞர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் 1960களின் இறுதியில் இருக்கவில்லை. படித்தவர் ஒவ்வொருவரும் மாவிட்டபுரத்தை நினைத்தனர்.

மாவிட்டபுரமும் டவுனிங் வீதியும்

அளவெட்டியிலிருந்து மாவிட்டபுரம் நடந்தே போய்விடக் கூடிய தூரம். குதிரைமுகம் நீங்கப் பெற்ற சோழ இளவரசியின் கதையோடு பிணைந்த கந்தசுவாமி கோவில் அது. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தீர்த்தமாடுவதோடு அங்கு மகோற்சவம் நிறைவுறும். வலிகாமம் வடக்கைச் சேர்ந்த வாசகர்களுக்கு அந்தத் தேர்முட்டியும், வெயிலிற் கொதிக்கும் வெளிவீதி மணலும், தண்ணீர்ப்பந்தலின் ஊறுகாய்த் தண்ணீரும் நான் சொல்லித்தான் நினைவுக்கு வர வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வீதியில் எல்லோரும் ஒரேயளவு தூரம் உள்ளே போனதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே.

இந்தியாவிலே ஆலயப் பிரவேசக் கிளர்ச்சி முன்னரே தொடங்கிவிட்டது. வைக்கம் சத்தியாக்கிரகம் 1924 இலும் 1925 இலும் நடைபெற்றது. திருவிதாங்கூர் மன்னர் 1936 இற் கோவிற் கதவுகளைத் திறந்தார். மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுள் 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். யாழ்ப்பாணத்திலோ காரியங்கள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. 1920களின் பிற்பகுதியிற் பாடசாலைகளிற் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கைகள் எழுந்தபோதே பெரும் எதிர்ப்புக் கிளம்பிற்று. நிலத்தில் இருந்து படித்த பிள்ளைக்கு ஒரு வாங்கு கொடுப்பதற்கே அத்தனை ஆரவாரம்! சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகளின் இடையறாத முயற்சியால் 1950களின் நடுப்பகுதியில் நல்லூர் உட்படச் சில பெருங்கோவில்கள் திறந்துவிடப்பட்டன. 1957 இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சாதியைக் காரணங்காட்டி ஒருவரைக் கோவிலிலோ கடையிலோ தடுப்பது அதன்படி தண்டனைக்குரிய குற்றம். எனினும் சட்டம் கொழும்பில் இருந்தது. மூக்குப்பேணியும் தனிப் போத்தலும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடையில் இருந்தன.

1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது பொலிசார் தாக்குதல் நடத்தினர். மறு ஆண்டிலே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையில் நிச்சாமத்திலும் ஏனைய இடங்களிலும் தேநீர்க் கடைப் பிரவேசம், கோவிற் பிரவேசம் என்று போராட்டம் பரவியது. உயிர்கள் பலியாயின, குடிசைகள் எரிந்தன. 1968 இல் மாவிட்டபுரம் வந்தது. திருவிழாக் காலத்திலே தொண்டர்கள் கோவில் வாசலில் அமர்ந்து உள்ளே செல்ல அனுமதி கோரினர். எதிரே தடுத்து நின்றவர்களின் முன்னணியில் நின்றவர் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம்.

இந்த மனிதரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரியிற் கற்றவர். கொழும்பிலே கணிதப் பேராசிரியராக விளங்கியவர். சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் இடம்பெற்றவர். மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய சட்டம் வந்தபோது அமைச்சுப் பதவியைத் துறந்தவர். வலியோர் எளியோரைத் துரத்துகிறார்கள் என்பதை 1948 இற் கொழும்பிலே கண்டுகொண்ட அதே கண்கள், இருபதாண்டு கழித்து மாவிட்டபுர வாசலில் அதனைக் காண மறுத்தன. அறியாமையால் நிகழ்ந்தது என்று இதனைத் தள்ளிவிட முடியாது. கோள்களின் பாதையைக் கணிக்கத் தெரிந்தவர் அவர். மகாகவியின் கவிதையில் நிலவும் தேர்வடமும் அருகருகே வைக்கப்பட்டதன் கூர்மை இங்கேதான் புலப்படுகிறது.

சுந்தரலிங்கம் மீது 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அவர் விட்டுவிடவில்லை. வழக்கு மேன்முறையீடாக இலண்டன் கோமறைக் கழகம் வரை வந்தது. பிரதமரின் வாசஸ்தலம் அமைந்துள்ள அதே டவுனிங் வீதியில் அக்காலத்திற் கூடிய அந்த நீதிக் குழு, 1971 இல் அவருக்கு மாறாகவே முடிவு சொன்னது. இலங்கையிலிருந்து கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையும் அதே 1971 இல் முடிவுற்றது. இந்நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்ப மேன்முறையீட்டுக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய எம்மவர் பலர், தம் ஊர்க் கோவில் வாசல் விவகாரம் தமக்கு முன்னரே இந்நகரின் நீதிபதிகளிடம் வந்து போயிருக்கிறது என்பதை அறியார்.

‘வழமை’ என்பதே அன்று எதிர்த்தோரின் பெரும் வாதம். ஆகமம் சொல்கிறது, முன்னோர் செய்தனர், நாமும் செய்வோம் என்பது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நான் வாழும் கோலியர்ஸ் வுட்டில் வான்டில் ஆற்றின் அருகே மேட்டன் துறவிமடத்தின் அத்திவாரக் கற்கள் இன்னும் காணக் கிடக்கின்றன. 1236 இல் மன்னர் மூன்றாம் ஹென்றியின் முன்னிலையில் அங்கே பிரபுக்களும் ஆயர்களும் கூடினார்கள். திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால், முறையான பிள்ளை என்ற உரிமையை வழங்குக என ஆயர்கள் கேட்டனர். இங்கிலாந்தின் வழமையை மாற்ற மாட்டோம் எனப் பிரபுக்கள் ஒரே குரலில் மறுத்தனர். அந்த வழமை மாறியது 1926 இல். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள்! மடம் 1538 இல் மூடப்பட்டு, அதன் கற்களை அரண்மனை கட்டுவதற்கு மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். கோவிற் கல்லைவிட வழமை உறுதியானது என்பதற்கு எமது ஊர் மாத்திரம் சாட்சி அன்று. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மேட்டனில் இரக்கத்தின் பக்கம் நின்றவர்கள் சமயத்தார், மறுத்தவர்கள் உலகியலார். மாவிட்டபுரத்தில் வழமையைக் காத்தவர்கள் சமயத்தின் பெயராலேயே காத்தார்கள்.

நந்தி விலகிய கதையும் அன்னை பேசாத கதையும்

தாயகத்திற் சைவசமய பாடம் கற்பித்த ஒவ்வோர் ஆசிரியரும் நந்தனார் சரிதத்தைக் கற்பித்திருப்பார். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடிய திருநாளைப்போவார் புராணம் அது. திருப்புன்கூர் வாசலுக்கு வெளியே நின்ற ஆதனூர் அடியவர் கண்ணாரக் காண்பதற்காக இறைவன் நந்தியை விலகச் செய்தான். தில்லையில் அவர் தயங்கி நின்றபோது கனவிலே தோன்றி, தீயில் மூழ்கி வருமாறு பணித்தான். பிற்காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கீர்த்தனையாக்கினார். கேட்டோர் கண்ணீர் வடித்தனர்.

அந்தக் கதையிற் கடவுள் பேசுகிறார். கல் நந்தியும் அசைகிறது. ஆனால் அடியவர் உள்ளே செல்வதற்கு முன் தீயிற் புக வேண்டியிருக்கிறது. பழைய உடலோடு அவர் உள்ளே செல்லவில்லை. மகாகவியின் கவிதையை இதற்கு அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். இங்கும் ஒருவன் பக்தியோடு வருகிறான், குனிந்து வணங்குகிறான். இங்கே நந்தி விலகவில்லை. அன்னை வாய் திறக்கவில்லை. அவளுடைய தேர் மாத்திரம் வேர் ஊன்றிய மரம்போல் நிற்கிறது. எட்டு நூற்றாண்டுக் காலம் எமக்குச் சொல்லப்பட்ட ஆறுதற் கதையை ஒரு பக்கத்திலே கவிஞர் திருப்பி வைத்துவிட்டார்.

மாவிட்டபுரத்துத் தெய்வம் முருகன். கவிதையிற் தேர் ஏறியவளோ அன்னை. இந்த மாற்றம் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. உலகத்தையெல்லாம் பெற்றவள் என்று அவளைப் போற்றுகிறோம். அப்படியானால் வடம் பிடிக்க வந்தவனும் அவள் பெற்ற மகன். கல்லை எறிந்தவனும் அவள் பெற்ற மகன். ஒரு மகன் இன்னொரு மகனைக் கொல்லும்போது தாய் என்ன செய்வாள்? ஓடி வந்து இடையில் விழுவாள். இவள் இருந்த இடத்தில் இருக்கிறாள். இதற்கு இரு வகையாகப் பொருள் கொள்ளலாம். தேரில் இருப்பது வெறுஞ்சிலை, அதனால் அசையவில்லை என்பது ஒன்று. உண்மையிலே தாய்தான், பெற்ற பிள்ளைகளின் செயலைக் கண்டு பேச்சிழந்தாள் என்பது மற்றொன்று. நாத்திகன் முதலாவதைக் கொள்ளட்டும். ஆத்திகன் இரண்டாவதைக் கொள்ளட்டும். கவிஞர் இருவரில் ஒருவர் பக்கமும் சாயவில்லை. ஆனால் இரண்டு பொருளிலும் தேர் நின்றதுதான், இளைஞன் மாண்டதுதான்.

தமிழாசிரியர் கண்ணுக்கு மட்டும் படக்கூடிய ஒரு நுட்பத்தையும் கூறி அப்பாற் செல்கிறேன். குரல் எழுப்பியவர்களை ஓராள், மற்றோராள் என்று கவிஞர் எண்ணிக்கொண்டு போகிறார். கொலை நிகழும் வரிகளுக்கு வந்ததும் அந்த ஆட்கள் மறைந்து போகிறார்கள். கல் தானே விழுகிறது. கழுத்துத் தானே வெட்டுப்படுகிறது. எறிந்தவன் யார், வெட்டியவன் யார் என்பதற்கு எழுவாய் இல்லை. ஏவுவதற்கு ஆள் இருந்தது. செய்ததற்கு ஆள் இல்லை. எமது ஊர்களில் நடந்த சாதிக் கொலைகள் பலவற்றின் பொலிஸ் விசாரணைகளும் இப்படித்தான் முடிந்தன. கூட்டத்தில் நின்றவர்கள் நூறு பேர். கண்டவர் ஒருவரும் இல்லை.

‘மதம்’ என்ற சொல்லையும் கவிஞர் ஓரிடத்தில் வைத்திருக்கிறார். சமயத்துக்கும் அச்சொல், யானைக்குப் பிடிக்கும் வெறிக்கும் அதே சொல். தமிழ் எமக்குத் தந்த சிலேடை அது. அன்னை பார்த்துக்கொண்டிருப்பது இவற்றுள் எதனை என்று பிரித்துச் சொல்ல அவர் முற்படவில்லை. இறுதியில் மண்ணிற் புரளும் காட்சி வருகிறது. தேரின் பின்னே நேர்த்தி வைத்தவர்கள் பிரதட்டை செய்து மணலில் உருண்டு வருவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பக்தியிற் புரளும் அந்த உடல்களின் இடத்தில் இங்கே குருதியில் தோய்ந்த உடல்கள் புரள்கின்றன. வேற்று நாட்டார் ஒருவர் இக்கவிதையை மொழிபெயர்ப்பிற் படித்தால் இந்த இடம் அவருக்குப் பிடிபடாது. வெளிவீதி மணல் முதுகில் ஒட்டிய அனுபவம் உள்ளவருக்கே அது சுடும்.

நம்பியவன் மாண்டான்

இக்கவிதையிற் கொல்லப்பட்டவன் நம்பிக்கையற்றவன் அல்லன். கவிதையின் அச்சு இதுவே. கடவுளே இல்லை என்று வீட்டில் இருந்திருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். நம்பி வந்தான், ஊரோடு ஒன்றாக வேண்டும் என்று விரும்பி வந்தான், அந்த விருப்பமே அவனுக்கு எமனாயிற்று.

அக்காலத்திலே முற்போக்காளர் சிலரிடையே ஒரு வினா எழுந்தது. சமயமே மாயை என்று சொல்கின்ற நாம், உழைக்கும் மக்களைக் கோவிலுக்குள் அழைத்துச் செல்வதற்காகப் போராடுவது முரண் அன்றோ என்பது அவ்வினா. தம் வரையிற் கோவிலை வேண்டாதவர்களான பொதுவுடைமையாளர்கள் மாவிட்டபுர வாசலில் அமர்ந்தார்கள் என்பதே அதற்கு அவர்கள் தந்த விடை. கடவுளிடம் போகாமல் இருக்கும் உரிமை, போகும் உரிமை உள்ளவனுக்குத்தான் பொருளுடையது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பகுத்தறிவு கூறுவது மலிவான காரியம். தமிழகத்துச் சுயமரியாதைக் கவிஞர்கள் கடவுளையே நேரிற் சாடினார்கள். அதற்கும் ஒரு காலமும் இடமும் இருந்தன. மகாகவி தெரிந்துகொண்ட வழி வேறு. அவர் பக்தனின் தோளோடு தோள் நின்று தேரைப் பார்த்தார். பார்த்த அளவில் ஐயம் தானே பிறந்தது.

இவ்வாறு நம்பி வருவோரின் நிலை எம்மிடையேயும் புதிதன்று. உள்துறை அமைச்சின் கடிதத்துக்காக ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் இங்கு உண்டு. காணாமற் போன பிள்ளைக்காக ஒவ்வொரு வெள்ளியும் நெய்விளக்கு ஏற்றும் தாய்மார் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையை எள்ளுவதற்கு எனக்கு மனம் வராது; கைப்பிடிக்க வேறொன்றும் கிடையாத நாள்களில் அதுதான் அவர்களை எழுப்பி உட்கார வைத்தது. அந்த நம்பிக்கையை மோப்பம் பிடித்து, ஏவல் எடுக்கிறேன், விசா வாங்கித் தருகிறேன் என்று நூற்றுக்கணக்கான பவுண்களைக் கறக்கும் சோதிடர்களைப் பற்றித்தான் எள்ள வேண்டும். கல் எறிவது ஒரு வகை. பணப்பையைத் தடவுவது இன்னொரு வகை.

அக்காலத்து எழுத்துகளில் இதே பொருளைத் தொட்டவை மேலும் பல. என்.கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதை 1951 இல் வந்தது. மேடையில் முழங்கும் பெரிய மனிதர் ஒருவர், தம்மைக் காண வந்த ஒடுக்கப்பட்ட மக்களை வீட்டுக்குள் அழைக்காமல், நல்ல நிலவு எறிக்கிறது, வெளியே மணலில் இருந்து பேசலாம் என்று நயமாக அழைத்துச் செல்கிறார். நிலவை இதனினும் கேவலமாக யாரும் பயன்படுத்தியதில்லை! அவரே மாவிட்டபுரப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு ‘கந்தன் கருணை’ நாடகத்தை எழுதினார்; அம்பலத்தாடிகள் அதனைக் கூத்தாக ஊரூராக ஆடினர். சுபத்திரன் சங்கானைப் போராளிகளுக்கு வணக்கம் செலுத்திப் பாடினார். போராட்டத்திலே நேரிற் பங்குகொண்ட கே. டானியல் 1972 இல் ‘பஞ்சமர்’ நாவலைத் தந்தார். இவற்றோடு ஒப்பிடுகையில் மகாகவியின் குரல் தாழ்ந்தது. அதனாற்றான் இன்றும் கேட்கிறது என்று நான் நினைக்கிறேன். இதனை மறுப்போரும் உளர்.

1968 இல் இன்னொரு கோவிலும் செய்தியில் அடிபட்டது என்பதை மறக்கலாகாது. திருகோணமலைக் கோணேசர் கோவிற் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய, தமிழரசுக் கட்சி சார்பில் அமைச்சராயிருந்த மு. திருச்செல்வம் ஒரு குழுவை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பை ஏற்றுப் பிரதமர் டட்லி சேனநாயக்க அதனை நிறுத்திவிட, திருச்செல்வம் பதவி விலகினார். ஒரே ஆண்டிலே, வெளியார் எம்மைக் கோவிலில் அவமதித்தது ஒரு பக்கம். எம்மை நாமே கோவில் வாசலில் அவமதித்தது மறுபக்கம். முன்னதைப் பற்றி எமது மேடைகளில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். பின்னதை அமெரிக்க அறிஞர் பிரையன் பஃபன்பேர்கர் 1990 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். எமது பத்திரிகைகள் அதனை எத்தனை தரம் எழுதின என்பதை வாசகர்களே கூறட்டும்.

‘இதை ஏன் இப்ப கிளறுறியள் மாஸ்டர்? பிள்ளையளுக்குச் சாதியெண்டா என்னெண்டே தெரியாது. நாங்களே சொல்லிக் குடுக்கிறதோ?’ என்று கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் முதியோர் சிலர் கூடும் இடத்தில் ஓர் அம்மா என்னைக் கேட்டார். நியாயமான கேள்வியே. பொம்பரும் ஷெல்லும் சாதி பார்த்து விழவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் முழுவதும் ஒரே தெருவில், ஒரே மழையில் நடந்தார்கள். அந்த நடையின் பின்னும் பழைய கணக்குகளை எடுப்பதா என்பது அவருடைய ஆதங்கம். ஆனால் அதே அம்மா, தமது மருமகனுக்கு வந்த சம்பந்தம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, ‘ஆக்கள் ஆரெண்டு விசாரிச்சுப் போட்டுத்தான்’ என்று அடுத்த மூச்சிற் சொன்னார். பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது மெய்தானா? திருமணப் பேச்சு வரும் நாள் வரைக்கும் தெரியாது என்பதே மெய்.

இந்நாட்டுச் சட்டத்திலும் இது வந்து போயிற்று. 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலே சாதியையும் பாகுபாட்டுக் காரணங்களுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று 2013 இற் பாராளுமன்றம் அரசாங்கத்தைப் பணித்தது. நெடுநாள் இழுபறிக்கும் பொதுமக்கள் கருத்தறிதலுக்கும் பின், 2018 ஜூலையில், தனிச் சட்ட ஏற்பாடு வேண்டியதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என அரசாங்கம் கைவிட்டது. இலண்டனிலே ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோவிற் தேர் ஆவணி வெயிலில் வெளியே வரும்போது ஆயிரக்கணக்கானோர் வீதியில் திரள்வதை நாம் காண்கிறோம். வடத்தில் யார் கை வைக்கிறார் என்று அங்கே எவரும் விசாரிப்பதில்லை. வேலைக்குப் போகும் வெள்ளைக்காரரும் நின்று ஒரு கை பிடித்துப் பார்க்கிறார். மாவிட்டபுர வாசலில் 1968 இல் அமர்ந்திருந்தோர் கேட்டதும் இவ்வளவே.

ஊரிலோ, அதே 2018 இல், தென்மராட்சி வரணிப் பகுதியில் ஓர் அம்மன் கோவிற் தேரை மண் அள்ளும் இயந்திரம் ஒன்று இழுத்துச் சென்ற படம் உலகெங்கும் பரவியது. இழுப்பதற்கு ஆள் போதவில்லை, இளைஞர்கள் வெளிநாடு போய்விட்டார்கள் என்று கோவிற் தரப்பினர் கூறினர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் வடத்தைத் தொடக் கூடாது என்பதற்காகவே இயந்திரம் அழைக்கப்பட்டது என்று ஏனையோர் குற்றஞ் சாட்டினர். அந்தப் படத்தைப் பார்த்தபோது மகாகவி எழுதியதன் தொடர்ச்சியாகவே அது எனக்குப் பட்டது. அவருடைய கவிதையில் தேர் நின்றுபோனது. இங்கே அது ஓடியது. நிலவுக்குச் சென்ற அறிவின் குழந்தையாகிய இயந்திரமே வடத்தைப் பிடித்தது. அன்னை அப்போதும் மேலேதான் இருந்தாள்.

‘தேரும் திங்களும்’ மகாகவியின் தொகுப்புகளிற் கிடைக்கும். எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் நந்தனார் சரிதம் பாடமாக உள்ளது. அதனைக் கற்பிக்கும் அதே கிழமையில் இக்கவிதையையும் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். நான் வாசித்துக் காட்டிய வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட முதற் கேள்வி, அந்த அண்ணாவின் பெயர் என்ன என்பது. கவிதையிற் பெயர் இல்லை என்றேன். அப்படியானால் கல் எறிந்தவரின் பெயர் என்ன என்றாள்.